பால் மாதிரி வெளுத்துப் போன கறுப்பு: ரொக்கெட் பெயின்டை இந்த மழையில எப்படிக் காப்பாத்துறது?

மூடுபனி_ஹட்டன் · ஓகஸ்ட் 9, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். ஒக்டோபர் 4 இருந்து 10 வரைக்கும் உலக விண்வெளி வாரம். அதுக்கு ஸ்கூல்ல வைக்க, நிலாவுக்கு ஆள் கொண்டு போன சேட்டர்ன் ஐந்து ரொக்கெட் மாதிரி ஒண்ணு செய்யிறேன். உள்ளுக்கு 2 லீட்டர் சோடா போத்தல், அதுதான் தண்ணி ஊத்திக் காத்து பம்ப் அடிச்சு விடுற தண்ணி ரொக்கெட். வெளியில கழட்டி மாட்டுற மாதிரி கடதாசிக் குழாய். போத்தல் அகலத்துக்குக் கணக்குப் பார்த்தா அசலுக்கு 92ல ஒரு பங்கு வருது, உயரம் 1.2 மீட்டர். அம்மா கொடுத்த பழைய ஆர்ட் போர்ட் எல்லாம் முடிஞ்சு போச்சு.

வெள்ளை அடிச்சு முடிச்சு, கறுப்புக் கட்டங்கள் அடிச்சேன். ரெண்டும் லெக்கர் ஸ்ப்ரே டின். அடிக்கிற நேரம் பளபளன்னு இருந்த கறுப்பு, பத்து நிமிஷத்துல பால் ஊத்துன மாதிரி வெளுத்துப் போச்சு. செட்டைக்குப் பக்கத்துல ஒரு இடம் ஒழுகி கண்ணீர் மாதிரி நிக்குது. கட்டத்துக்கு ஓரம் கட்டுன டேப்பை உரிச்சா கறுப்பு அடியில புகுந்து ஓரமெல்லாம் பல்லுப் பல்லா இருக்கு. எங்க இருந்து வந்ததுன்னு தெரியாத ஒரு முடியும் ஒட்டியிருக்கு (நாயோடதுன்னு நெனைக்கிறேன்).

மொத்தமாத் தேய்ச்சுட்டு முதல்ல இருந்து தொடங்கவா?

கொழுந்துக்கூடை · ஓகஸ்ட் 9, இரவு 9.05

முடியைச் சொன்னீங்களே, சிரிச்சுட்டேன். எங்க பக்கம் நாலு நாளா வெயிலே இல்ல. கழுவுன உடுப்பே காயல, நீங்க பெயின்ட் காய வைக்கிறீங்க.

டிங்கரிங்_நாவலப்பிட்டி · ஓகஸ்ட் 9, இரவு 10.20

தம்பி, தேய்க்காதீங்க. ஒரு வாரத்துக்குக் கையே வைக்காதீங்க.

நான் கராஜ்ல வாகனத்துக்குப் பெயின்ட் அடிக்கிற ஆள். ரொக்கெட் அடிச்சதில்ல, ஆனா பெயின்டுக்கு அது வேனா ரொக்கெட்டான்னு தெரியாது. எங்ககிட்ட வர்ற வேலையில பாதி, வீட்டுக்காரர் ஈரத்துல விரல் வச்சுத் துடைக்கப் போய் பெருசாக்குனதுதான்.

நீங்க சொன்ன நாலும் நாலு வேற நோய். ஒரே மருந்து கிடையாது.

வெளுப்பு: அது ஈரம். தின்னர் ஆவியாகிற நேரம் மேற்பரப்பைக் குளிர வைக்கும், காத்துல இருக்கிற தண்ணி அதுல படிஞ்சு பெயின்டுக்குள்ள மாட்டிக்கிடும். கறுப்புல நல்லாத் தெரியும், வெள்ளையில இருந்தாலும் கண்ணுக்குப் படாது. உங்க வெள்ளையும் வெளுத்திருக்கும், பாருங்க, மினுக்கம் செத்திருக்கும்.

ஒழுகல்: கிட்டக்க வச்சு, கையை நிறுத்தி அடிச்சிருக்கீங்க. செட்டை மூலையில எல்லாருக்கும் நடக்கும்.

டேப் விஷயம் கடைசியில பேசுவோம். முடிக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, அது எங்கயும் போகாது.

காஞ்சுதான்னு எப்படிப் பார்க்கிறது? மூக்கால. கிட்டப் போய் மோந்து பாருங்க, தின்னர் வாசம் வந்தா இன்னும் காயல. அதுக்குப் பிறகு வெளியில தெரியாத இடத்துல நகத்தால அழுத்துங்க. தடம் விழுந்தா இன்னும் ரெண்டு நாள்.

பண்டாரவளை_மிஸ் · ஓகஸ்ட் 10, காலை 6.15

டிங்கரிங் அண்ணன் சொன்னதுக்குக் கொஞ்சம் கணக்கு சேர்க்கிறேன், வகுப்புல இதைக் காட்டினா பிள்ளைகள் மறக்க மாட்டாங்க.

ஹட்டன்ல அறை 18 பாகை, ஈரப்பதன் 85 வீதம்னு வைப்போம். அந்தக் காத்து 15.4 பாகைக்குக் குளிர்ந்தா பனியா இறங்கிடும். அதாவது இடைவெளி மூணு பாகை கூட இல்ல. பெயின்ட் தொழில்ல மேற்பரப்பு அந்தப் பனிப் புள்ளியை விடக் குறைஞ்சது 3 பாகை மேல இருக்கணும்னு சொல்லுவாங்க. தின்னர் ஆவியாகி இன்னும் குளிர வைக்குதுன்னா, நீங்க தோத்துட்டுத்தான் டின்னையே அமுக்குறீங்க.

இப்ப அதே காத்தை, தண்ணி சேர்க்காம, 26 பாகைக்குச் சூடாக்குங்க. ஈரப்பதன் ஏறக்குறைய 52 வீதத்துக்கு இறங்கிடும். அறையில இருந்த தண்ணி அப்படியேதான் இருக்கு, சூடான காத்துக்கு அது கொஞ்சமாத் தெரியுது, அவ்வளவுதான்.

கொழுந்துக்கூடை · ஓகஸ்ட் 10, காலை 7.30

அப்ப சூடான, காய்ஞ்ச இடம்தானே வேணும்? எங்க அப்பா தேயிலை ஃபெக்டரியில வேலை. மழை நாளையில கொழுந்து வாட்ட மேல் மாடிக்குச் சூட்டுக் காத்து விடுவாங்க. கேட்டுப் பார்க்கவா? :)

கொழுந்துக்கூடை · ஓகஸ்ட் 10, மாலை 5.50

கேட்டேன். அப்பா சிரிக்கல. தேயிலை பக்கத்துல என்ன வாசம் இருந்தாலும் இழுத்துக்கிடும், பெயின்ட் டின்னோட உள்ள வந்தா டீமேக்கர் என்னையும் சேர்த்து வாட்டிடுவாராம். மன்னிச்சுக்கோங்க தம்பி.

மூடுபனி_ஹட்டன் · ஓகஸ்ட் 10, இரவு 7.10

பரவாயில்ல அக்கா. நான் குசினியில அடுப்பு எரியிற நேரம் அடிக்கலாம்னு யோசிக்கிறேன். அங்க நல்ல சூடு.

டிங்கரிங்_நாவலப்பிட்டி · ஓகஸ்ட் 10, இரவு 7.14

வேணாம்! வேணவே வேணாம். டின்னுக்குள்ள தள்ளுற வாயு எரியிற வாயு, தின்னரும் எரியும். அடுப்புக்கு முன்னால அமுக்குனா நீங்க கையில பிடிச்சிருக்கிறது ரொக்கெட் இல்ல, வேற சாமான். கேஸ் ஹீட்டரும் வேணாம். அது எரியிற நேரம் தண்ணி ஆவியையும் சேர்த்துத்தான் விடும், உங்க ஈரம் கூடுமே ஒழியக் குறையாது.

இப்படிச் செய்யுங்க. பெரிய அட்டைப் பெட்டி ஒண்ணு எடுத்து, பழைய குண்டு பல்ப் ஒண்ணை உள்ள தொங்கவிடுங்க, அட்டையில படாம. குழாயை அரை மணித்தியாலம் அதுக்குள்ள வச்சு வெதுவெதுப்பாக்குங்க. அடிக்கிறது வெளியில, திண்ணையிலயோ எங்கயோ, பல்பை அணைச்சுட்டு. அடிச்சு, தின்னர் வாசம் அடங்குன பிறகு திரும்பப் பெட்டிக்குள்ள. டின்னைக் கைச்சூட்டுத் தண்ணியில பத்து நிமிஷம் நிக்க வைங்க. கொதி தண்ணி வேணாம், டின்லயே 50 பாகைக்கு மேல போகாதீங்கன்னு போட்டிருக்கும். சூடான டின்ல இருந்து தூவல் நைசா வரும், தோடம்பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா விழாது.

நேரம்: காலையில பனி விலகி, வெயில் ஏறி ஒரு மணித்தியாலம் போனதுக்குப் பிறகு. பின்னேரம் மூணு மணிக்கு மேல தொடாதீங்க.

மூடுபனி_ஹட்டன் · ஓகஸ்ட் 16, மாலை 4.00

ஒரு வாரம் பொறுத்தேன். சத்தியமா ஆறு நாள்தான். இன்னைக்கு வெயில் வந்துச்சு.

வெளுப்பு போயிடுச்சு! பெட்டியில சூடாக்கி, க்ளியர் லெக்கர் (நிறமில்லாதது) டின்னை ஒரு முழம் தள்ளி வச்சு, புகை மாதிரி ஒரே ஒரு தடவை விட்டேன். கண்ணு முன்னாலயே கறுப்பு திரும்ப வந்துச்சு, ஈரத் துணியால கரும்பலகையைத் துடைச்ச மாதிரி.

ஆனா இன்னொண்ணு கெட்டுப் போச்சு. டேப்புக்கு அடியில புகுந்த கறுப்பை மறைக்க வெள்ளை டின் முடிஞ்சு போச்சுன்னு ஹார்ட்வெயார் கடையில வேற வெள்ளை வாங்கி நேத்து அடிச்சேன். இன்னைக்கு அதே க்ளியர் அதுக்கு மேலயும் பட்டுச்சு. உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, எங்க அப்பாயி கன்னம் மாதிரி ஆகிப்போச்சு.

டிங்கரிங்_நாவலப்பிட்டி · ஓகஸ்ட் 16, இரவு 8.30

க்ளியர் வேலை செஞ்சதுக்குக் காரணம், அதுல இருக்கிற தின்னர் பழைய லெக்கரை லேசாக் கரைச்சு, மாட்டின தண்ணியை வெளிய விட்டுச்சு. எனமல்ல இந்த வித்தை நடக்காது.

ரெண்டாவது டின்னோட பின்பக்கத்தை வாசிச்சுப் பாருங்க, எனமல்னு போட்டிருக்கும். எனமல் ஆறுதலாக் காயிற சாமான். மேல தோல் பிடிச்சிருந்தாலும் உள்ள மெதுவாத்தான் இருக்கும். அதுக்கு மேல லெக்கர் விழுந்தா, லெக்கரோட காரமான தின்னர் தோலுக்குக் கீழ போய் எல்லாத்தையும் தூக்கிடும். லெக்கருக்கு மேல எனமல் போகலாம், எனமலுக்கு மேல லெக்கர் போகக் கூடாது. எங்க பொடியன்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுக்கிற பாடம் இது.

சுருக்கத்தை நிரப்ப முடியாது, எடுத்துத்தான் ஆகணும். அந்த எனமல் முழுசாக் காய விடுங்க, பத்து நாளாவது. பிறகு 320 நம்பர் உரசு தாளால காய்ஞ்சபடியே தேயுங்க. தண்ணி போட வேணாம். உங்களது கடதாசி. பெயின்ட் வெட்டிக் கடதாசி வெளிய வந்த இடத்துல தண்ணி பட்டா ஊதி, பஞ்சு மாதிரி எழும்பிடும். அப்படி வெளிய வந்தா, தண்ணி மாதிரி இருக்கிற சுப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டுப் பரத்தி, காஞ்சதும் தேய்ச்சா கல்லு மாதிரி நிக்கும். ஓரத்தைப் படிக்கட்டு மாதிரி விடாம, விரலுக்குத் தெரியாத அளவுக்குச் சரிச்சுக்கிட்டு, பிரைமர், அதுக்கு மேல முதல்ல அடிச்ச மாதிரி லெக்கர் வெள்ளை. வேற வகை வேணாம்.

தலவாக்கலை_பையன் · ஓகஸ்ட் 17, மாலை 6.20

நானும் ஒண்ணு கேக்கலாமா. நான் குழாய் எல்லாம் செய்யல, போத்தலையே 400 தாளால தேய்ச்சுட்டு அதுலயே சிவப்பு அடிச்சேன். நல்லாப் பிடிச்சிருக்கு. ஆனா கழுத்துப் பக்கம் போத்தல் வெள்ளையா மங்கிப் போய் இருக்கு. இதுக்கும் க்ளியர் அடிச்சா சரியாகுமா?

பண்டாரவளை_மிஸ் · ஓகஸ்ட் 17, மாலை 6.31

தம்பி, அந்தப் போத்தலுக்குக் காத்து ஏத்தாதீங்க. தயவு செஞ்சு, இன்னைக்கு இல்ல, என்னைக்குமே.

அந்த மங்கல் பெயின்ட் குறை இல்ல. ஸ்ப்ரே தின்னர்ல அசிட்டோன் மாதிரி கரைப்பான் இருக்கும், அது பட்டா அந்தப் பிளாஸ்டிக் படிகமாகி, வெள்ளையாகி, முறியிற மாதிரி ஆகிடும். அதுக்கு முன்னாலயே தாளால தேய்ச்ச ஒவ்வொரு கீறலும் வெடிப்புத் தொடங்குற இடம். போத்தல் அமுக்கத்தைத் தாங்குறது அதோட மேற்பரப்பு பழுதில்லாம இருக்கிற வரைக்கும்தான். அதைக் காட்சிக்கு வைங்க, அழகா இருக்கும். பறக்க விடுறதுக்குப் புதுப் போத்தல். கலர் வேணும்னா ஸ்டிக்கர் ஒட்டுங்க, இல்லாட்டி ஹட்டன் தம்பி மாதிரி கழட்டுற உறை செஞ்சு அதுல அடிங்க.

தலவாக்கலை_பையன் · ஓகஸ்ட் 17, மாலை 6.50

சரி மிஸ். நாளைக்கு விடலாம்னு இருந்தோம். போத்தலை வெட்டிட்டேன், தம்பி எடுத்துப் பம்ப் அடிச்சுடுவான்னு.

மூடுபனி_ஹட்டன் · ஓகஸ்ட் 28, இரவு 7.45

சுருக்கத்தை எடுத்துட்டேன். தேய்க்கவே ரெண்டு பின்னேரம் போச்சு. இப்ப ஒழுகல். தண்ணித் தாளைச் சுத்திப் பிடிச்சுத் தேய்ச்சா ஒழுகலைச் சுத்தி இருக்கிற நல்ல பெயின்டும் போகுமே?

டிங்கரிங்_நாவலப்பிட்டி · ஓகஸ்ட் 28, இரவு 9.10

போகும். விரலால தேய்ச்சா விரல் பள்ளத்துக்கும் போகும் மேட்டுக்கும் போகும், ஒழுகல் அப்படியே இருக்க ரெண்டு பக்கமும் குழி விழும்.

சவர பிளேட் ஒண்ணு எடுங்க. நடுவுல அஞ்சு மில்லிமீட்டர் மட்டும் விட்டுட்டு ரெண்டு பக்கமும் வெட்டுற ஓரத்தை மூடி மாஸ்கிங் டேப் சுத்துங்க. இப்ப பிளேட்டை நிமிர்த்தி, ஒழுகலுக்கு மேல வச்சு, உங்களைப் பார்த்து லேசா இழுங்க. டேப் ரெண்டும் நல்ல பெயின்ட்ல சறுக்கிப் போகும். நடு ஓரம் மட்டும் மேட்டைச் சுரண்டும், டேப்போட தடிப்புக்கு மேல இருக்கிறதை மட்டும். தேங்காய்ப் பூ மாதிரி சுருள் சுருளா வரணும். பசை மாதிரி உருண்டு வந்தா இன்னும் காயல, நிறுத்திடுங்க.

மேடு டேப் தடிப்புக்கு இறங்குனதும் பிளேட்டை வச்சுட்டு, 1000 தாளை ஒரு சின்ன ரப்பர் துண்டுல சுத்தி, சவர்க்காரத் தண்ணி ஒரு சொட்டு, அதுக்குப் பிறகு 2000, கடைசியில கட்டிங் பொலிஷ். குழாய்ல பெயின்ட் முழுசா இருக்கிற இடத்துல மட்டும்தான் தண்ணி, முன்னால சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

பண்டாரவளை_மிஸ் · ஓகஸ்ட் 29, காலை 6.40

உங்க பக்கம் மழைன்னு சொல்றீங்க, எங்க பக்கம் இப்ப காய்ஞ்ச கச்சான் காத்து. ஊவாத் தேயிலைக்கு வாசம் குடுக்கிறதே அந்தக் காத்துதான். பெயின்ட் வெளுக்கிற பிரச்சினையே எனக்கு இல்ல. அதுக்குப் பதிலா தூசி. பிள்ளைகள் செஞ்ச மூக்குக் கூம்பு ஒண்ணை முற்றத்துல அடிச்சேன், எள்ளுருண்டை மாதிரி ஆகிடுச்சு. தூவல் போய்ச் சேர முன்னாலயே காத்துல காஞ்சு மாவா வேற விழுது.

நான் கண்டுபிடிச்ச வழி: பேப்பர் குத்துற கருவியால 2000 தாளை வட்டமா வெட்டி, பென்சில் பின்னால இருக்கிற அழிரப்பர்ல ஒட்டுங்க. சவர்க்காரத் தண்ணியில தொட்டு, தூசிப் புள்ளி மேல நிமிர்த்தி வச்சு, விரலுக்கு நடுவுல அஞ்சாறு தடவை உருட்டுங்க. புள்ளி மட்டும் போகும். ஒரு வட்டம் நாலு புள்ளிக்குத் தாங்கும். ஹட்டன் தம்பியோட நாய் முடிக்கும் இதுதான்.

கொழுந்துக்கூடை · ஓகஸ்ட் 29, காலை 8.05

எனக்கும் ஒரு சந்தேகம். தங்கச்சி செஞ்ச சின்ன ரொக்கெட்ல பெயின்ட் ஒரு இடத்துல பிடிக்காம, வட்ட வட்டமா விலகி ஓடுது. மீன் கண்ணு மாதிரி. ரெண்டு தரம் அடிச்சும் அதே இடத்துல.

டிங்கரிங்_நாவலப்பிட்டி · ஓகஸ்ட் 29, பகல் 12.40

தங்கச்சி தலைக்குத் தேங்காய் எண்ணெய் வச்சுட்டு அதே கையால பிடிச்சிருப்பா. எண்ணெய் பட்ட இடத்துல பெயின்ட் நிக்காது. மேல மேல அடிச்சா விலகல் பெருசாகும். காய வச்சு, சவர்க்காரத் தண்ணி பிழிஞ்ச துணியால துடைச்சு, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால இன்னொரு தரம் துடைச்சு, பிறகுதான் தாள். முதல்ல தாள் போட்டா எண்ணெயைக் கீறலுக்குள்ள தேய்ச்சு விட்ட மாதிரி. பார்மசியில சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்குனா லேபிளைப் பாருங்க, சிலதுல விளக்கெண்ணெய் கலந்திருக்கும். அதால துடைச்சா எண்ணெயை எண்ணெயால கழுவுன கதை.

கொழுந்துக்கூடை · ஓகஸ்ட் 29, பகல் 12.55

தலைக்கு எண்ணெய் வச்சது நான் :(

மூடுபனி_ஹட்டன் · செப்டெம்பர் 6, மாலை 5.15

பிளேட் வேலை செஞ்சது. ஒழுகல் இருந்த இடம் எனக்கே தெரியல. முடியும் போச்சு, அந்த இடத்துல ஒரு ஊசி முனைக் குழி. இப்ப கட்டங்களோட ஓரம்தான் மிச்சம்.

டிங்கரிங்_நாவலப்பிட்டி · செப்டெம்பர் 6, இரவு 8.20

குழிக்கு: டின்னை ஒரு மூடிக்குள்ள கொஞ்சம் அடிச்சு, வாயு போகிற வரைக்கும் அரை மணித்தியாலம் வைங்க. விளக்குமாத்து ஈர்க்கைக் கூராக்கி, அதோட நுனியால ஒரு சொட்டு. குழியை விடக் கொஞ்சம் மேடா நிக்கணும், காய்ற நேரம் இறங்கும். ஒரு வாரம் விட்டு மிஸ் சொன்ன பென்சில்.

ஓரத்துக்கு: டேப்பைத் திரும்ப ஒட்டுங்க, இந்தத் தடவை கறுப்பு மேல, சரியான கோட்டுல, வெள்ளைக்குள்ள புகுந்த பல்லெல்லாம் வெளிய தெரியிற மாதிரி. டேப் ஓரத்தை நகத்தால அழுத்துங்க. அப்புறம் முதல்ல க்ளியர், ஒரு மெல்லிசுத் தூவல். எங்கயாவது டேப்புக்குக் கீழ புகணும்னா க்ளியர் புகுந்து ஓட்டையை அடைச்சுக்கிடும், புகுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அது காஞ்சதும் வெள்ளை, மெல்லிசா மூணு தடவை. கடைசித் தூவல் தொட்டா ஒட்டாத நிலைக்கு வந்ததும் டேப்பை மடிச்சு, வந்த வழியே மெதுவா இழுங்க. நேரா மேல தூக்காதீங்க.

பண்டாரவளை_மிஸ் · செப்டெம்பர் 7, காலை 6.20

அந்தக் கட்டங்கள் அழகுக்கு இல்லைன்னு பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. ரொக்கெட் தன்னைத்தானே சுத்துதான்னு தூரத்துல இருந்து கெமராவில பார்க்கத்தான் கறுப்பும் வெள்ளையும். உங்க ஓரத்துல இருக்கிற பல்லு அந்த வேலைக்கு ஒரு தடையும் இல்ல. உங்களுக்குத்தான் தடை, அது வேற விஷயம்.

இன்னொண்ணு. இதைப் பறக்கவும் விடப் போறீங்களா? அப்படின்னா நிறுத்துங்க. ஒவ்வொரு திருத்தமும் எடை, அதுவும் உங்களுக்கு எல்லாமே செட்டைப் பக்கம். அமெரிக்க விண்ணோடத்தோட (ஸ்பேஸ் ஷட்டில்) பெரிய வெளி எரிபொருள் தாங்கி முதல் ரெண்டு பறப்புல வெள்ளை அடிச்சுத்தான் போச்சு, 1981ல. பிறகு பெயின்டை விட்டுட்டாங்க, அதாலயே ஏறக்குறைய 270 கிலோ மிச்சம். அதனாலதான் அது பிறகு செம்மஞ்சளா இருந்துச்சு. உங்களுக்குக் கிராம்தான், ஆனா பின்பக்கம் பாரமானா ஈர்ப்பு மையம் பின்னால போகும். அது அமுக்க மையத்துக்கு (காத்து தள்ளுற விசை எல்லாம் சேர்ற புள்ளி) குறைஞ்சது ஒரு குழாய் அகலம் முன்னால இருக்கணும். நூல்ல கட்டித் தலைக்கு மேல சுழட்டிப் பாருங்க, மூக்கு முன்னால போகலைன்னா மூக்குக்குள்ள களிமண்.

மூடுபனி_ஹட்டன் · செப்டெம்பர் 21, இரவு 8.00

ஓரம் கத்தியால வெட்டுன மாதிரி வந்திருக்கு. ஒரு கட்டத்துல மட்டும் ரெண்டு பல்லு மிச்சம், சுவர்ப் பக்கமாத் திருப்பி வைக்கப் போறேன்.

சுழட்டிப் பார்த்தேன். வால்தான் முன்னால போச்சு. மூக்குக்குள்ள களிமண் வச்சு, வச்சு, 90 கிராம் ஆன பிறகுதான் திரும்புச்சு. குசினித் தராசுல உறையை மட்டும் நிறுத்தேன்: பெயின்ட் அடிக்க முன்னால எழுதி வச்சதை விட 64 கிராம் கூட. அதனால இது காட்சிக்கு மட்டும். பறக்குறதுக்கு வெள்ளைக் கடதாசியில, மார்க்கரால கட்டம் போட்டு ஒண்ணு சுத்திட்டேன். அரை மணித்தியாலம்தான் ஆச்சு.

டிங்கரிங்_நாவலப்பிட்டி · செப்டெம்பர் 21, இரவு 8.45

போட்டோ போடுங்க. சுவர்ப் பக்கத்தையும் சேர்த்து.